சிவப்பு ஓக் ஜூலையிலேயே இலை உதிர்க்கிறதா? முதலில் ஓக் வாடல் நோயா என்று பாருங்கள்

மே மாதம் கிளை வெட்டினேன், இப்போது உச்சியிலிருந்து இலை காய்கிறது, தண்ணீர் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இது தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை. இலை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகி, பாதி பச்சையாக இருக்கும்போதே கொட்டினால் ஓக் வாடல் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையைச் சுமக்கும் சிறு வண்டுகள் புதிதாக வெட்டிய காயத்தின் சாற்றைத் தேடித்தான் வரும். வாடுகிற கிளை ஒன்றில் பட்டையைச் சீவிப் பாருங்கள், கருங்கோடுகள் தெரியலாம், ஆனால் உறுதிசெய்ய ஆய்வகச் சோதனைதான் வழி. மாதிரிக் கிளையை வெயிலில் போடாமல் குளிர்ச்சியாக வைத்து அனுப்புங்கள்.

நோய் உறுதியானால் அந்த மரம் பிழைக்காது, சிவப்பு ஓக் சில வாரங்களிலேயே போய்விடும் (வெள்ளை ஓக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்). ஆனால் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்! ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நோய் அப்படியே பக்கத்து மரத்துக்குப் போகும். அதனால் முதலில் நோயுற்ற மரத்துக்கும் பக்கத்து மரத்துக்கும் நடுவே ஆழமாகப் பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பைத் துண்டிக்க வேண்டும், அப்புறம்தான் மரத்தில் கை வைக்கலாம். நன்றாக இருக்கும் பக்கத்து மரங்களுக்குப் புரோபிகோனசோல் பூஞ்சைக்கொல்லியை அடிமரத்தில் ஊசி மூலம் ஏற்றலாம், அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வெட்டிய கட்டையை விறகுக்கென்று வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். இனிமேல் கிளை வெட்டுவதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் காற்றில் முறிந்துவிட்டால் உடனே அந்தக் காயத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள்.