10-இன் தலையில் இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள்

"ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் குறியீடு வந்திருக்கிறது. புள்ளி இடப்பக்கம் போனால் கூட்டல், வலப்பக்கம் போனால் கழித்தல் என்று மகன் மனப்பாடம் செய்கிறான். ஆனால் 10⁻⁷ என்றால் எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறான். எப்படிப் புரியவைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மதுரை செல்லூரில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் குழப்பம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. பிள்ளைகளுக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எந்த எண்ணையும் ஒரு சிறிய எண் × 10-இன் அடுக்கு என்று எழுதுவதுதான் அறிவியல் குறியீடு; 10-இன் தலையில் இருக்கும் எண்தான் அடுக்கு. 6.02×10²³ என்று போர்டில் எழுதினால் "ஆறு புள்ளி பூஜ்யம் இரண்டு" என்பதைக் கணீரென்று படிப்பார்கள். இருபத்து மூன்று வாய்க்குள்ளேயே போய்விடும். உண்மையில் அந்த எண்ணின் ஆகிருதி முழுவதும் 23-இல்தான் இருக்கிறது. முன்னால் இருக்கும் 6 தவறிப்போய் 7 ஆகிவிட்டால் ஆறில் ஒரு பங்குதான் வித்தியாசம். 23 தவறி 24 ஆனால் விடை பத்து மடங்கு. அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு வழக்கம்: அடுக்கை முதலில் படி, முன்னால் இருக்கும் எண்ணை அப்புறம் பார்.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்வி: புரோட்டானின் நிறை 1.67×10⁻²⁷ கிலோகிராம், எலக்ட்ரானின் நிறை 9.11×10⁻³¹ கிலோகிராம். எது கனம்? பாதி வகுப்பு யோசிக்காமல், "எலக்ட்ரான்தான் மிஸ். ஒன்பது இருக்குல்ல, முப்பத்தொண்ணும் இருக்கு" என்று சொல்லும். அடுக்கை மட்டும் பார்க்கச் சொல்வேன். −27, −31 இரண்டில் எது பெரியது? எண்கோட்டில் −27-தான் வலப்பக்கம் இருக்கிறது. நான்கு படி மேலே இருப்பதால் புரோட்டான்தான் கனம், அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு கனம். இது தெரிந்த பிறகு 1.67-ஐ 9.11-ஆல் வகுக்கலாம்: 0.1833. அடுக்கில் −27 − (−31) = 4. ஆக 0.1833×10⁴, அதாவது 1,833 மடங்கு. (எண்களைச் சுருக்கியதால் 1,833 வருகிறது. முழு இலக்கங்களோடு போட்டால் 1,836.)

இனி உங்கள் மகனின் 10⁻⁷. கழித்தல் குறியைப் பார்த்ததும் பிள்ளைகள் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே போன எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 10³, 10², 10¹ என்று எழுதி, பக்கத்திலேயே 1000, 100, 10 என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்தால் வகுக்கிறோம். அடுத்த படி 10⁰, அதன் மதிப்பு 1. அதற்கும் கீழே 10⁻¹, அதாவது பத்தில் ஒரு பங்கு. இப்படி எவ்வளவு தூரம் இறங்கினாலும் பூஜ்யம் வரவே வராது, சிறிதாகிக்கொண்டே போகும். பிறகு நம் ஊர் எண்களையே வைத்துச் சொல்லுங்கள். லட்சம் என்பது 10⁵, கோடி என்பது 10⁷. அப்படியானால் 10⁻⁵ லட்சத்தில் ஒரு பங்கு, 10⁻⁷ கோடியில் ஒரு பங்கு. ஒரு மீட்டரைக் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, கொரோனா வைரஸ் ஏறக்குறைய அந்த அளவுதான். இதைச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சட்டென்று பிடிபடும்.

பெரிய எண்ணும் சிறிய எண்ணும் ஒரே கணக்கில் வருவதுதான் இந்தப் பாடத்தின் அழகு என்று நினைக்கிறேன். அதற்கு வைகை அணையை எடுத்துக்கொள்வேன். 1959-இல் திறந்த அணை, முழு நீர்மட்டம் 71 அடி, பேப்பரில் வரும் முழுக் கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. (இடையில் வண்டல் படிந்து குறைந்திருப்பது தனிக் கதை.) நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த அணை, பேப்பரில் தினம் வருகிற எண்.

6,091 என்பது 6.091×10³, மில்லியன் 10⁶. ஆக 6.091×10⁹ கன அடி. செய்தியில் அடிக்கடி வரும் டிஎம்சி என்பதும் ஆயிரம் மில்லியன் கன அடிதான், அதாவது 10⁹ கன அடி. 'ஆறு டிஎம்சி' என்று படிக்கும்போதே பையன் அறிவியல் குறியீட்டைத்தான் படிக்கிறான், சொல்லிக்காட்டுங்கள். ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28.3 லிட்டர். பெருக்கினால் 1.72×10¹¹ லிட்டர்.

இந்தத் தண்ணீரை 5 மில்லி ஸ்பூனால் அள்ளினால் எத்தனை ஸ்பூன்? 5 மில்லி என்பது 5×10⁻³ லிட்டர். 1.72-ஐ 5-ஆல் வகுத்தால் 0.344. அடுக்கில் 11 − (−3) = 14. 0.344×10¹⁴-ஐ ஒழுங்காக எழுதினால் 3.44×10¹³ ஸ்பூன்.

ஒரு ஸ்பூன் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு? 18 கிராம் தண்ணீரில் 6.02×10²³ மூலக்கூறுகள். 5 மில்லி தண்ணீர் 5 கிராம், அதற்கு 1.67×10²³. இப்போது அடுக்குகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: 13, 23. அணை முழுவதிலும் இருக்கும் ஸ்பூன்களைவிட ஒரே ஸ்பூனுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் பல நூறு கோடி மடங்கு அதிகம். வகுத்துப் பார்த்தால் 4.85×10⁹, அதாவது 485 கோடி மடங்கு. ஒரு ஸ்பூன் தண்ணீரின் மூலக்கூறுகள் அத்தனைக்கும் அடையாளம் வைத்து, நிறைந்த அணையில் ஊற்றி, ஒரே சீராகக் கலக்கிவிட்டு, எங்கிருந்து ஒரு ஸ்பூன் அள்ளினாலும் அதில் சுமார் 485 கோடி அடையாள மூலக்கூறுகள் இருக்கும். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பூஜ்யங்களை எண்ணி எழுதியிருந்தால் இந்த விடைக்கு யாருமே வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

புள்ளியை நகர்த்தும் விதியை மனப்பாடமாகச் சொல்லித்தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே 0.344×10¹⁴ வந்ததே, அந்த இடத்தில்தான் மனப்பாடம் காலை வாரிவிடும். கூட்டுவதா, கழிப்பதா? விதியை விட்டுவிட்டு, மொத்த மதிப்பு மாறக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். முன் எண் 0.344-லிருந்து 3.44 ஆகிப் பத்து மடங்கு கூடியது. ஈடுகட்ட அடுக்கு ஒன்று குறைய வேண்டும். முன் எண் 1-க்குக் குறையாமல், 10-ஐத் தொடாமல் வந்து நிற்கும்வரை இதையே செய்யலாம்.

கூட்டல், கழித்தலுக்கு இரண்டு எண்களின் அடுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சூரியனின் நிறை 1.99×10³⁰ கிலோகிராம், பூமியின் நிறை 5.97×10²⁴. பூமியை 0.00000597×10³⁰ என்று மாற்றிக் கூட்டினால் 1.99000597×10³⁰. சூரியனையே மூன்று இலக்கத்துக்குத்தான் எடுத்திருக்கிறோம் என்பதால் விடை 1.99×10³⁰ என்றே நிற்கும். பூமியைச் சேர்த்ததே தெரியாது.

பிளஸ் டூ இயற்பியல் வரை லாக் புக் (மடக்கை அட்டவணை)தான், கால்குலேட்டருக்கு வேலை இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை நிறையால் வகுக்க, 1.6×10⁻¹⁹ ÷ 9.1×10⁻³¹ என்று பெருக்கல் குறி போட்டு அப்படியே தட்டினால், கால்குலேட்டர் முதலில் 9.1-ஆல் வகுத்துவிட்டு 10⁻³¹-ஆல் பெருக்கிவிடும். 1.76×10¹¹ வர வேண்டிய இடத்தில் 1.76×10⁻⁵¹ வந்து நிற்கும். வகுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், அல்லது அடுக்குக்கென்றே இருக்கும் பட்டனைப் பயன்படுத்த வேண்டும். அடுக்கை முதலில் பார்க்கிற பழக்கம் இருந்தால், −19 − (−31) = 12, விடை 10¹² பக்கத்தில்தான் வரும் என்று முன்பே தெரிந்திருக்கும். −51-ஐப் பார்த்ததும் கை நின்றுவிடும்.

வீட்டில் பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வேண்டாம், பேப்பரில் வரும் அணை நிலவரமே போதும். நீர்வரத்து வினாடிக்கு 1,200 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 8.64×10⁴ வினாடி. முதலில் அடுக்கு: 3 + 4 = 7. பிறகு 1.2 × 8.64 = 10.368, பத்தைத் தாண்டிவிட்டது. அதனால் 1.04×10⁸ கன அடி. மதகை மூடிவைத்தால் காலி அணை நிறைய எத்தனை நாள் ஆகும் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். 6.09×10⁹-ஐ 1.04×10⁸-ஆல் வகுக்க வேண்டும். அடுக்கு 1 என்பதால் பத்துக்கணக்கான நாள் என்று அவனே முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு வகுத்தால் 5.86×10¹ வரும், கிட்டத்தட்ட 59 நாள்.