செத்த சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வது?

கேள்வி (பெரம்பூர் வாசகி): கற்பனை உலகம் ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். அந்த மக்கள் கும்பிடும் கடவுள் என்றோ செத்துப்போனவர், அது ஊருக்கே தெரியும். "செத்த சாமி எப்படி வரம் கொடுக்கும், அதைப் போய் எவன் கும்பிடுவான்?" என்று நண்பர் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

பதில்: நண்பரைச் சித்திரை மாதம் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றி, உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இருக்கும் கூவாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூத்தாண்டவர், அதாவது மகாபாரதத்து அர்ஜுனன் மகன் அரவான், போருக்காகக் களப்பலி ஆகப்போகிறார் என்று தெரிந்தே திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அந்தத் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். வேண்டுதல் எல்லாம் அப்புறம், முதலில் அழுகை.

செத்த சாமி என்றதும் கறுப்பு அங்கி, மண்டை ஓடு, இருட்டுக் கோயில் என்று கிளம்பிவிடுகிறார்கள் பலர், எனக்கு அது சலித்துப்போய்விட்டது. சாவு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசியுங்களேன்: யார் குளிப்பாட்டுவது, யார் கொள்ளி வைப்பது, பதினாறாம் நாள் செலவு யாருடையது, அதெல்லாம் முடிவதற்குள்ளேயே திண்ணையில் சொத்துப் பேச்சு. கடவுளே செத்துவிட்டார் என்றால் மழையும் ஆறும் யாருக்குப் போகும்? கொள்ளி வைத்தவன் நான்தான் என்கிற பூசாரிக்கா?

எகிப்தில் இதுதான் கதையே. ராஜாவாக இருந்த ஒசைரிஸ் என்ற கடவுளைத் தம்பி சேத் கொன்றுவிடுகிறான், மகன் ஹோரஸ் சித்தப்பாவோடு அரியணைக்குச் சண்டை போட்டு ஜெயிக்கிறான். உயிரோடு இருக்கும் ராஜா ஹோரஸ், செத்த ராஜா ஒசைரிஸ் என்பது அவர்கள் கணக்கு. வரம் பற்றிக் கேட்டாரே உங்கள் நண்பர், ஒசைரிஸ் உருவத்தில் அச்சு செய்து, மண் நிரப்பி, தானியம் தூவி, தண்ணீர் விட்டு முளைக்க வைத்தார்கள், ஏறக்குறைய நம் முளைப்பாரிதான். 1922-இல் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையிலும் அப்படி ஒன்று இருந்தது. செத்தவர் உடம்பிலிருந்து சோறு வருகிறது, இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்?

கேள்வி (வேளச்சேரி வாசகர்): கற்பனை மதத்துக்குள் ஒரு பிளவு வேண்டும். எதை வைத்துச் சண்டை மூட்டலாம்?

பதில்: செத்தாரா இல்லையா என்பதை வைத்தே மூட்டலாம். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி என்கிற போட்டிப் பாட்டுப் பாடுவார்கள், டேப் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு. மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சி, எரியவில்லை என்று எரியாத கட்சி. சிவன் எரித்ததும் உண்மை, ரதி கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவதும் உண்மை, அதனால் இரண்டு பக்கமும் விடிய விடியப் பாட விஷயம் இருக்கிறது.

உங்கள் இரண்டு கட்சிக்கும் தனித்தனிக் கோயில் கொடுத்துவிடாதீர்கள், சப்பென்று போய்விடும். ஒரே கோயில், ஒரே திருவிழா. ஒரு கட்சி தெப்பக்குளத்தில் முழுக்குப் போட்டுத் தீட்டுக் கழிக்கட்டும், சாகாதவருக்கு ஏதய்யா தீட்டு என்று இன்னொரு கட்சி அதே படித்துறையில் பொங்கல் வைக்கட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம், மயிலாப்பூர்): கடைசியில் அந்தக் கடவுளை உயிர்த்தெழ வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் விஷயம் முதலில் பூசாரிக்கு மட்டும் தெரியட்டும். அவன் அதை வெளியே விடுவானா?