ஸ்கேட்டர் சார்ட் போதுமா, பபிள் சார்ட் வேண்டுமா?

இரண்டில் எதை எப்போது போடுவது, பபிள் சார்ட் ஏன் பல நேரம் குழப்பமாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேட்டர் என்றால் இரண்டு எண்களைக் கிடை, நெடு அச்சுகளில் வைத்து ஒவ்வொரு பதிவையும் ஒரு புள்ளியாகக் காட்டும் படம்; பபிளில் புள்ளிக்குப் பதில் குமிழ், அதன் அளவு மூன்றாவது எண்ணைக் காட்டும். எந்தத் தரவாக இருந்தாலும் நான் முதலில் ஸ்கேட்டர்தான் போட்டுப் பார்ப்பேன். மூன்றாவது எண் இல்லாமல் விஷயம் புரியாது என்றால் மட்டுமே பபிள்.

ஸ்கேட்டரின் அருமை தெரிய, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் 'ஃபெய்த்ஃபுல்' தரவை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று எத்தனை நிமிடம் பீறிட்டது, அடுத்த பீறிடலுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று 272 பதிவுகள் அதில் உண்டு. காத்திருப்பின் சராசரி சுமார் 71 நிமிடம். ஆனால் புள்ளிகளை வைத்ததும் அவை இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். 2 நிமிட அளவில் பீறிட்டால் அடுத்தது 55 நிமிடத்தை ஒட்டி வருகிறது. 4 நிமிடத்தைத் தாண்டிப் பீறிட்டால் 80 நிமிடத்தை ஒட்டி. அந்த 71, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே புள்ளிகள் குறைவாக உள்ள இடத்தில் நிற்கிறது. சராசரியை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது!

புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். நிறத்தை அடியில் உள்ள புள்ளிகளும் தெரியும்படி நன்றாக ஊடுருவச் (டிரான்ஸ்பரன்ட்) செய்யுங்கள், அடர்த்தி தானாகத் தெரியும்.

சரி, பபிளுக்கு வருவோம். சுவீடனைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் பிரபலமாக்கிய நாடுகளின் படம்தான் எனக்கு இன்றும் பாடம். வருமானமும் ஆயுட்காலமும் அச்சுகளில். மக்கள்தொகை குமிழின் அளவில். முக்கியமான இரண்டு எண்களுக்கும் அச்சைக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு புள்ளி எங்கே நிற்கிறது என்பதை நம் கண் துல்லியமாகப் பிடிக்கும்; ஒரு வட்டம் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்று கேட்டால் தடுமாறும். அதனால் துல்லியமாக ஒப்பிட வேண்டிய எண்ணைக் குமிழின் அளவில் வைக்காதீர்கள். வருமான அச்சையும் கவனியுங்கள்: 1000, 2000, 4000 என்று சம இடைவெளியில் இரட்டித்துக்கொண்டே போகும். சாதாரண அச்சாக இருந்தால் ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும்.

அப்புறம், அளவு என்றால் பரப்பு, விட்டம் அல்ல. இந்தியாவின் மக்கள்தொகை சுவீடனைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அதை விட்டத்தில் காட்டினால் குமிழின் பரப்பு பத்தாயிரம் மடங்கைத் தாண்டிவிடும், சுவீடன் ஒரு தூசியாகிவிடும். எக்செலில் குமிழை ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட் டேட்டா சீரீஸ்' போனால் 'ஏரியா', 'விட்த்' என்று இரண்டு தேர்வு இருக்கும். முன்னதிலேயே இருக்கட்டும். பெரிய குமிழ்கள் பின்னாலும் சின்னவை முன்னாலும் வருமாறு தரவை இறங்குவரிசையில் அடுக்கிவிடுங்கள்.

உங்கள் தரவு ஒரு நிறுவனத்தின் கிளைகளைப் பற்றியது என்றால், லாப நஷ்டத்தைக் குமிழ் அளவாகப் போடவே வேண்டாம். மைனஸ் எண்ணுக்கு ஏது பரப்பு? நாமாக மாற்றாதவரை எக்செல் அந்தக் குமிழ்களைக் காட்டாமலே விட்டுவிடும், நஷ்டத்தில் ஓடும் கிளைகள் படத்திலேயே இருக்காது. லாபத்தை நெடுக்கு அச்சுக்குக் கொண்டுபோய், பூஜ்யத்தில் ஒரு கோடு போடுங்கள். விற்பனை குமிழின் அளவாக இருந்துகொள்ளட்டும்.