ஏழு சபைகளின் ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்ட ஏழு சபைகளின் ஊர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்கிறேன். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழும் இன்று மேற்குத் துருக்கியில் இஸ்மிர், மனிசா, தெனிஸ்லி என்ற மூன்று மாகாணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எனக்கு வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏழு ஆலயங்களையும் எத்தனை நாளில் பார்த்து முடிக்கலாம்?

பதில்: அவசரமில்லாமல் பார்க்க ஐந்து நாள் வேண்டும். ஆனால் பயண விளம்பரங்களில் வரும் "ஏழு ஆலயங்கள்" என்ற சொல்லை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். யோவான் எழுதியது சபைகளுக்கு, அதாவது வீடுகளில் கூடிய விசுவாசிகளுக்கு. கொலோசெயர் நிருபத்தின் முடிவில் நிம்பாவின் வீட்டில் கூடுகிற சபையைப் பவுல் விசாரிக்கிறாரே, அப்படிப்பட்ட கூட்டங்கள்தாம் அவை. இன்று அந்த ஊர்களில் நீங்கள் பார்க்கும் தேவாலய இடிபாடுகள் எல்லாம் நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்கும் அதற்குப் பின்னுக்கும் உரியவை. பிலதெல்பியா இருந்த அலாஷெஹிரில் பைசாந்தியக் காலத்துப் பேராலயம் ஒன்றின் கனத்த செங்கல் தூண்கள் மட்டும் வீடுகளுக்கு நடுவே நிற்கின்றன. தியத்தீராவோ அக்ஹிசார் கடைத்தெருவின் மத்தியில் வேலியடைத்த ஒரு சிறு மனைதான். கட்டடம் தேடிப் போகிறவர்கள் இவ்விரண்டு ஊர்களிலும் ஏமாந்து திரும்புவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

கேள்வி: எபேசுவில் உள்ள செல்சஸ் நூலகத்தில்தான் பவுல் போதித்தார் என்று முன்பு போன குழுவில் சொன்னார்களாம். உண்மையா?

பதில்: இல்லை. பவுல் எபேசுவில் தங்கியது கி.பி. 50களில், நூலகம் கட்டப்பட்டதோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விழுந்து கிடந்த அதன் முகப்பை 1970களில் எடுத்து நிறுத்தினார்கள். பவுல் அனுதினமும் சம்பாஷித்த திறன்னுவின் வித்தியாசாலை எந்த இடம் என்பது இதுவரை அடையாளம் காணப்படவில்லை. எந்தக் கல்லின் முன் நிறுத்தப்பட்டாலும் "இது எந்த நூற்றாண்டு?" என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்வியை விரும்புவார், கதை சொல்கிறவர் பேச்சை மாற்றுவார்.

அதே எபேசுவில் அப்போஸ்தலர் நடபடிகளோடு நேரே ஒட்டி நிற்கும் இடம் பெரிய அரங்கம். ஏறக்குறைய 25,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்துக்குள்தான் தட்டான் தெமேத்திரியு மூட்டிய கலகத்தில் ஜனங்கள் பாய்ந்தோடி, "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டுமணி நேரமளவும் சத்தமிட்டார்கள். மேல்வரிசையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் நேர்வீதி ஒரு நாணல் சதுப்பில் போய் முடியும். ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து, கடல் இன்று பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. உலக அதிசயம் ஏழில் ஒன்றான அந்தத் தியானாளின் கோயில் இருந்த இடத்தில், துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே தூண் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது. அதன் உச்சியில் நாரைக் கூடு இருக்கும். பத்தொன்பதாம் அதிகாரத்தை அங்கே நின்று வாசித்துவிட்டு அந்தத் தூணைப் பார்த்தவர்கள் வெகுநேரம் பேசாமல் இருப்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, மூட்டுவலி. எபேசுவில் நடக்க முடியுமா?

பதில்: மேல்வாயிலில் இறங்கிக் கீழ்வாயிலில் ஏறும்படி பேருந்தை ஏற்பாடு செய்தால் முழுவதும் இறக்கம்தான், முடியும். பளிங்குப் பாதை வழுக்கும் என்பதால் ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி கட்டாயம். நிழல் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது.

கேள்வி: மாதாவின் வீடு உண்மையிலேயே மாதா வாழ்ந்த வீடா?

பதில்: 1891இல், ஜெர்மானியக் கன்னியாஸ்திரி அன்னா கத்தரீன் எம்மெரிக்கின் காட்சிகளைப் பின்பற்றித் தேடியவர்கள் எபேசுவுக்கு அருகிலுள்ள மலையில் அதைக் கண்டறிந்தார்கள். 1967இல் ஆறாம் பவுல், 1979இல் இரண்டாம் யோவான் பவுல், 2006இல் பதினாறாம் பெனடிக்ட் என மூன்று பாப்பரசர்கள் அங்கே போய் ஜெபித்திருக்கிறார்கள். மாதாவின் கல்லறை எருசலேமில் கெதரோன் பள்ளத்தாக்கில் இருப்பதாகச் சொல்லும் மரபு இதைவிட மிகப் பழமையானது. இரண்டையும் குழுவில் சொல்லிவிடுவேன். ஜெபிக்கும் இடம் என்ற மரியாதையில் எனக்குக் குறைவில்லை, ஆனால் தொல்லியல் சான்று என்று அதை நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: எருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு தரும் மானியம் இதற்குக் கிடைக்குமா?

பதில்: இது துருக்கிப் பயணம். மானியம் பற்றிச் சிறுபான்மையினர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: லவோதிக்கேயாவுக்குப் பமுக்கலேயிலிருந்து வெந்நீர் குழாயில் வந்து, வழியில் ஆறி வெதுவெதுப்பானது என்றும், அதனால்தான் கர்த்தர் அந்தச் சபையைக் குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று கடிந்துகொண்டார் என்றும் பிரசங்கத்தில் கேட்டேன். அந்தக் குழாயைக் காட்டுவீர்களா?

பதில்: குழாயைக் காட்டுவேன், ஆனால் அது வருவது எதிர்த்திசையிலிருந்து. பமுக்கலே, அதாவது எராப்போலி, பள்ளத்தாக்கைத் தாண்டி வடக்கே இருக்கிறது. லவோதிக்கேயாவின் தண்ணீர் தெற்கே, இன்றைய தெனிஸ்லி நகரப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து வந்தது. நடுவில் துளையிட்ட கற்களை ஒன்றோடொன்று பொருத்திச் செய்த குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. துளைக்குள் கை விட்டுத் தடவினால் சுண்ணாம்புப் படிவம் மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக விரலில் படும், சில கற்களில் துளையே பாதி அடைபட்டிருக்கும். தண்ணீரைத் திருடுகிறவர்களுக்கும் அசுத்தப்படுத்துகிறவர்களுக்கும் அபராதம் விதித்த கி.பி. 114ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கே கிடைத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் பிரசங்கம் பொய்யா? எராப்போலியின் அனல் நீர் நோய்க்கு மருந்து, கொலோசெயின் குளிர் நீர் தாகத்துக்கு இதம், லவோதிக்கேயாவின் நீர் இரண்டுக்கும் உதவாது என்றுதானே விளக்கவுரைகள் சொல்கின்றன?

பதில்: அந்த விளக்கத்தை நான் பொய் என்று சொல்லவில்லை, குழாயின் திசையை மட்டும் திருத்தினேன். 1950களிலிருந்து பரவிய அந்த விளக்கத்துக்கு ஒரு பலம் உண்டு. "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்பதில் குளிர்ச்சியும் நல்லதாகவே சொல்லப்படுகிறது, எனவே குளிர் என்றால் விசுவாசமின்மை என்று போதிப்பது வசனத்துக்குப் பொருந்தாது. ஆனால் அதற்குத் தடையும் உண்டு. லவோதிக்கேயாவின் நீர் கல்லாகப் படிந்தாலும் குடிக்கத்தக்கது என்று பழைய கிரேக்க நூலாசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். எராப்போலியின் நீரை ஒருவரும் பந்தியில் வைத்துக் குடிக்கவில்லை. அந்தக் காலத்து விருந்துகளில் திராட்சரசத்தைச் சூடாக்கியோ குளிரவைத்தோ கொடுப்பார்கள், வெதுவெதுப்பாகக் கொடுத்தால் விருந்தாளி முகம் சுளிப்பார் என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். சில வசனங்கள் தள்ளி, கதவைத் தட்டி "அவனோடே போஜனம்பண்ணுவேன்" என்று வருவதால் எனக்கு இந்த விருந்து விளக்கமே நெருக்கமாகப் படுகிறது.

கேள்வி: நீங்கள் வேதத்தைவிடத் தொல்லியலுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பதில்: வசனத்தில் இல்லாத குழாயை வசனத்துக்குள் பொருத்தாமல் இருப்பதுதான் வசனத்துக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். தொல்லியல் வேதத்தை விளக்கும் இடமும் அதே ஊரில் உண்டு. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் விழுந்த லவோதிக்கேயா, ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தச் செல்வத்தாலேயே எழுந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதுகிறார். "நான் ஐசுவரியவானென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும்" சொல்லிக்கொண்ட சபையை அந்த ஊரின் அகன்ற வீதியில் நின்று நினைத்துப் பார்க்கலாம். இதைப் பற்றி இன்னும் எட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் பதில் இதுதான்.

கேள்வி: பெர்கமுவில் சாத்தானுடைய சிங்காசனத்தைப் பார்க்கலாமா?

பதில்: பெர்கமு சபைக்கு எழுதியதில் வரும் அந்தச் சிங்காசனம் என்று பலர் கருதும், கிரேக்கத் தெய்வம் சேயுஸின் பலிபீடத்துச் சிற்பங்கள் பெர்லினில் இருக்கின்றன. குன்றின்மேல் அதன் அடித்தளமும் மரங்களும்தான் உள்ளன.

கேள்வி: இடிபாடுகளில் பழைய நாணயம் விற்கிறார்களாம், வாங்கலாமா?

பதில்: வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி. உண்மையாக இருந்துவிட்டால் தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது துருக்கியில் குற்றம். ஓட்டுச் சில்லு ஒன்றைக்கூட ஞாபகார்த்தமாகப் பையில் போடாதீர்கள்.

கேள்வி: பயண நிரலில் "அந்தியோகியா" என்று இருக்கிறது. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வழங்கிய ஊர்தானே?

பதில்: எந்த அந்தியோகியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயர் வழங்கியது சிரியா எல்லையருகே உள்ள அந்தாக்யாவில். அந்த நகரம் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பெரும் அழிவைச் சந்தித்தது. மேற்கு வழியில் வரும் நிரல்களில் இருப்பது யால்வாச்சுக்கு அருகிலுள்ள பிசீதியா நாட்டு அந்தியோகியா. அது அப்போஸ்தலர் நடபடிகள் பதின்மூன்றாம் அதிகாரத்தில் பவுல் பிரசங்கித்த ஊர். என் குழுவில் ஒருமுறை இந்தக் குழப்பத்தால் ஒரு போதகர் மனம் நொந்துபோனார், ஏனென்றால் முகவர் அவருக்கு இரண்டையும் ஒன்றென்று சொல்லியிருந்தார்.

கேள்வி: பத்மு தீவையும் சேர்க்கலாமா?

பதில்: யோவான் தரிசனம் கண்ட பத்மு கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும்.

கேள்வி: ஏழு ஆலயங்களுக்கும் சேர்த்து எத்தனை நாள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். விளம்பரத்தில் மூன்றே நாளில் ஏழும் என்று போட்டிருந்தால், கம்பளக் கடைக்கும் தோல் ஆடைக் கடைக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: ஏழில் ஒரே ஊரில் அரைநாள் கூடுதலாக இருக்கலாம் என்றால் எங்கே இருக்கச் சொல்வீர்கள்?

பதில்: சர்தையில். அர்த்தெமி கோயிலின் மாபெரும் தூண்கள் இரண்டு முழு உயரத்தில் நிற்க, அதன் தென்கிழக்கு மூலையில் ஒட்டினாற்போல நான்காம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சிறிய செங்கல் தேவாலயம் இருக்கிறது. இருபது பேர் நின்றாலே நிறைந்துவிடும் போலிருக்கும். பெருங்கூட்டங்கள் பெரும்பாலும் சாலையோரத்து ஜெப ஆலயத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடும். கோயில் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அந்த நிறுத்தம் நிரலில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாலை வெயில் சாயும் நேரத்துக்கு அங்கே போய்ச் சேரும்படி கேளுங்கள்.