மலிவு விலைக் கேமராவில் கொலுப் படங்கள் தெளிவாக வர

கேள்வி: பழைய 16 மெகாபிக்சல் காம்பேக்ட் கேமரா ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். பகலில் வெளியே எடுக்கும் படங்கள் நன்றாக வருகின்றன. நவராத்திரியின்போது இரவில் எடுத்த கொலுப் படங்களோ மஞ்சளாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கின்றன. கொலுவின் முன் ஆடிய பேத்தியின் படம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. ஃபிளாஷ் போட்டால் அவள் முகம் வெளுத்து, கொலு இருட்டாகிவிடுகிறது. கூடுதல் மெகாபிக்சல் உள்ள கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தச் செலவைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவில் படத்தை நல்ல தரத்தில் அச்சிட ஏறத்தாழ 22 லட்சம் பிக்சல்களும், ஏ4 தாள் அளவுக்கு 87 லட்சம் பிக்சல்களும் போதும். உங்களிடம் இருப்பதோ 160 லட்சம். உங்கள் கேமராவுக்குப் போதாமல் இருப்பது வெளிச்சம். இத்தகைய காம்பேக்ட் கேமராக்களில் பெரும்பாலும் உள்ள சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. திருமண நிகழ்ச்சிகளில் தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பில் இதைப்போல் 30 மடங்கு பெரியது.

நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். இரவில் விளக்குப் போட்ட கூடத்தில் 100 அல்லது 150 லக்ஸ்தான். அந்த 150 லக்ஸில், ஜூம் செய்யாமல், ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் எண்) 100இல் படம் எடுத்தால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திறப்பு) ஏறத்தாழ ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எவருடைய கையும் அசையாமல் நிற்காது. ஆட்டோவில் விட்டால் கேமரா ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றிக்கொள்கிறது. வானொலியில் தொலைதூர நிலையத்தைக் கேட்க ஒலியைக் கூட்டும்போது கரகரப்பும் சேர்ந்து கூடுவதைப்போல, சிறிய சென்சாரில் அந்த ஏற்றம் புள்ளிகளாகத் தெரிகிறது. ஜூம் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: மலிவான லென்ஸ்கள் முழு ஜூமில் உள்ளே விடும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே இரவில், வீட்டுக்குள், ஜூமைத் தொடவே வேண்டாம். நீங்களே இரண்டடி முன்னே செல்லுங்கள்.

பொம்மைகள் அசையா, உங்களுக்குச் சாதகமான செய்தி இதுதான். கேமராவை முக்காலியிலோ, ஸ்டூலின்மேல் அடுக்கிய புத்தகங்களின்மேலோ வையுங்கள். ஃபிளாஷை அணைத்து, ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்தி, 2 நொடி டைமரைப் போட்டு, பொத்தானை அழுத்தியதும் கையை எடுத்துவிடுங்கள். விரல் அழுத்துவதால் உண்டாகும் அதிர்வு அந்த 2 நொடியில் அடங்கிவிடும். இப்படி எடுத்த படத்தில் மரப்பாச்சியின் பட்டுப்பாவாடைச் சரிகை இழை இழையாகத் தெரிவதை நீங்களே பார்ப்பீர்கள். மஞ்சள் நிறத்தைக் குறைக்க, விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் பல்பு படம் போட்ட குறியைத் தேர்ந்தெடுங்கள். டியூப்லைட்டின் வெள்ளையும் சீரியல் விளக்குகளின் மஞ்சளும் கலந்திருந்தால் எந்த அமைப்பும் இரண்டையும் சரிசெய்யாது என்பதால், டியூப்லைட்டை அணைத்துவிடுவதே நல்லது. குத்துவிளக்கின் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக வந்தால் எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு பிரகாசமாக வர வேண்டும் என்ற அமைப்பை) −0.7க்கு இறக்குங்கள். சுடரைச் சுற்றிப் புகைபோல மங்கல் படர்ந்தால் பெரும்பாலும் லென்ஸில் பட்ட விரல் எண்ணெய்தான் காரணம். தூசியைத் தட்டிவிட்டு, மென்மையான சுத்தத் துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும்.

பேத்தியின் படத்துக்கு இந்த வழி உதவாது. ஆடும் குழந்தையைத் தெளிவாகப் பிடிக்க ஷட்டர் குறைந்தது 1/125 நொடியில் இயங்க வேண்டும்; உங்கள் கூடத்து இரவு வெளிச்சத்தில் இந்தக் கேமராவால் அது இயலாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே குழந்தையை அதே அலங்காரத்தில், பகலில், திறந்த ஜன்னலருகே ஆடச் சொல்லுங்கள். நேர் வெயில் படாத ஜன்னலோரத்திலேயே 1,000 லக்ஸ் கிடைக்கும். ஐஎஸ்ஓ 400இல் ஷட்டர் வேகம் 1/150 நொடியைத் தொடும். ஜன்னல் அவளுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். மலிவான கேமராக்கள் ஃபோகஸ் செய்யச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால், பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்துக் காத்திருந்து, அவள் முத்திரை பிடித்து ஒரு கணம் நிற்கும்போது முழுதாக அழுத்துங்கள். ஆட்டத்தில் அப்படி நிற்கும் கணங்கள் நிறைய உண்டு.

இரவில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஃபிளாஷ் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். பேத்தி உங்களிடமிருந்து 1 மீட்டரிலும் கொலு 3 மீட்டரிலும் இருந்தால், கொலுவுக்குக் கிடைப்பது அவளுக்குக் கிடைக்கும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே. முகம் வெளுத்துக் கொலு இருண்டதன் காரணம் இதுவே. அவளைக் கொலுப்படியை ஒட்டி நிற்கவைத்து, நீங்கள் 2 மீட்டர் தள்ளிப் போங்கள். நிலாவோ நட்சத்திரமோ அருகில் வரைந்த மனித உருவக் குறி உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஃபிளாஷும் அடிக்கும், அறையின் இயல்பான வெளிச்சம் பதிய ஷட்டரும் நேரம் கொடுக்கும். கேமரா ஸ்டூலில் இருக்க வேண்டும், குழந்தையும் ஒரு கணம் அசையாதிருக்க வேண்டும்.

தாத்தாவின் வெள்ளை வேட்டி படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால் முகம் கறுத்துப் போகும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கேமரா எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதுதான் காரணம். அப்போது எக்ஸ்போஷரை +0.7க்கு ஏற்றுங்கள்.

சபா மேடையில் அவள் ஆடுவதைப் பின்வரிசையிலிருந்து எடுக்கும் நாள் வந்தால் பெரிய சென்சார் உள்ள கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன், இன்று மாலையே ஒரு பித்தளைக் குத்துவிளக்கை மேசைமேல் வைத்து, கேமராவை அசையாமல் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, 200, 400, 800, 1600 என ஐந்து படங்கள் எடுத்து, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்குத் தண்டின் கடைசல் வரிகள் எந்த எண்ணில் கலங்கத் தொடங்குகின்றனவோ, அதற்கு முந்தைய எண்ணை ஐஎஸ்ஓவின் மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.