பழைய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகனுக்கு வயது 24. திடீரென்று பேந்தப் பேந்த விழிப்பான், உதட்டைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். இரண்டு நிமிடத்தில் தெளிந்தாலும் நடந்தது எதுவும் நினைவிருக்காது. மாதம் நாலைந்து முறை வருகிறது. வலிப்பு நோய் என்கிறார்கள். முன்பு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. இப்போது சாப்பிடும் கார்பமசெபின் மாத்திரையோடு லெவெடிரசெட்டம் என்ற புதிய மாத்திரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை மட்டும் கொடுக்கலாமா? தைப்பூசக் காவடிக்கும் நேர்ந்திருக்கிறான், பயமாக இருக்கிறது.
- வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா, ஒரு வேளைகூட. கார்பமசெபினைச் சட்டென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால்தான் பழையது இருக்கும்போதே புதியதைச் சேர்க்கிறோம். நன்றாகக் கேட்டால் அப்புறம் பழையதை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கலாம், அதுவும் டாக்டர் சொல்லித்தான். லெவெடிரசெட்டம் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும், மற்ற மாத்திரைகளோடு அதிகம் மோதாது. ஆனால் சிலருக்கு மனதைக் கலைக்கும். பையன் கண்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான், பேசாமல் முடங்குகிறான், வாழவே பிடிக்கவில்லை என்கிறான் என்றால், அவன் சுபாவம் அப்படி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு அடியோடு நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்படிச் சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளின் ஆய்வுகளில் வலிப்பு பாதியாகக் குறைந்தாலே பலன் என்றுதான் கணக்கு, முழுதாக நிற்பது சிலருக்கே. அதனால் ஒரு நோட்டில் தேதி, நேரம், முந்தின இரவு எவ்வளவு தூங்கினான், மாத்திரை விட்டுப்போனதா என்று எழுதி வாருங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இன்னொன்றும் கேளுங்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பை மருந்துக்கு அடங்காதது என்று உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. வலிப்புள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படித்தான். உங்கள் மகனுக்கும் வால்ப்ரோயேட், கார்பமசெபின் என்று இரண்டு மருந்து பார்த்தாகிவிட்டது. அதனால் மூன்றாவது, நாலாவது மாத்திரை என்று வருடங்களை ஓட்டாமல், எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, காவடி. பத்து நாள் விரதத்தை மாத்திரை கெடுக்காது, தூக்கம் கெடுவதும் வேளை தவறுவதும்தான் வலிப்பைக் கிளப்பும். மருந்து மாறும் இந்த நேரத்தில் தோளில் காவடி வேண்டாம் என்பது என் எண்ணம், இந்த வருடம் பால்சொம்போடு நடக்கட்டும். புறப்படும் முன் ஆற்றில் குளிக்கும்போது மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.