ஸ்பிளிட் வருமென்று முன்கூட்டியே வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். ஓர் அமெரிக்க நிறுவனம் அடுத்த வாரம் காலாண்டு முடிவோடு (மூன்று மாத வருமான, லாபக் கணக்கு) ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிப்பது) அறிவிக்கும், விலை எகிறும் என்று டெலிகிராம் குழுவில் அடித்துச் சொல்கிறார்கள். மகள் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகிறாள். அவள் படிப்புக்கு வைத்திருக்கும் 12,000 வெள்ளியை இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா.

ஸ்பிளிட்டை நம்பி வாங்குவதாக நினைக்கிறீர்கள். விலையை ஆட்டிவைக்கப் போவதோ காலாண்டு முடிவு. நெட்ஃபிளிக்ஸைப் பாருங்கள். 2025 அக்டோபர் 21 அன்று முடிவு வந்தது. பங்கு அப்போது 1,200 டாலருக்கு மேல். பிரேசிலில் ஒரு வரித் தகராறுச் செலவால் லாபம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, ஸ்பிளிட் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் விலை சுமார் 10 சதவீதம் சரிந்தது. அக்டோபர் 30 அன்று, ஒரு பங்கைப் பத்தாகப் பிரிப்பதாக அறிவித்தார்கள். முடிவுக்கு முன்பே வாங்கியவருக்கு ஊகம் பலித்தது, பணம்தான் கரைந்தது.

உங்கள் குழுவில் சிப் நிறுவனமான என்விடியாவைக் காட்டுவார்கள். 2024 மே 22 அன்று முடிவோடு ஸ்பிளிட்டும் அறிவித்தது, மறுநாள் பங்கு 9 சதவீதம் ஏறியது, உண்மைதான். ஆனால் அந்தக் காலாண்டின் வருமானம் 26 பில்லியன் டாலர், முந்தைய ஆண்டைவிட 262 சதவீதம் அதிகம். ஏற்றத்துக்கு அதுவே போதும் என்பேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டும் 2022 பிப்ரவரியில் முடிவோடுதான் அறிவித்தது, உடனே ஏறவும் செய்தது. ஜூலையில் பங்கு பிரிவதற்குள் விலை கிட்டத்தட்ட கால்வாசி இறங்கியிருந்தது.

ஸ்பிளிட்டில் 1,000 டாலர் பங்கு ஒன்று, 100 டாலர் பங்கு பத்தாகும், அவ்வளவுதான். நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் வழக்கமாக 100 பங்காக வாங்க வேண்டியிருப்பதால், விலை குறைவது நம் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வசதி. அமெரிக்கப் பங்கென்றால், இங்குள்ள சில செயலிகளில் ஒரு பங்கின் சிறு பகுதியையே வாங்கலாமே!

படிப்புப் பணத்தை, கட்டணம் கட்டும் மாதத்துக்கு முன் முதிர்வடையும் நிரந்தர வைப்பில் போடுங்கள். நிறுவனம் நிஜமாகவே பிடித்திருந்தால், முடிவு வெளியான பிறகு, சம்பளத்தில் மிஞ்சுவதில் கொஞ்சம் வாங்குங்கள். அறிவிப்புக்கும் பங்கு பிரியும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் நேரமிருக்கும், முந்த வேண்டியதில்லை.

அப்புறம், அந்தக் குழுவில் யாராவது தங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, முதலில் அதில் பெயரைத் தேடுங்கள்.